வளைவுகள் எத்தனை

இருநூறு கிலோமீட்டர். பாதையை நான்தான் வரைந்தேன்,
சமையலறை மேசையில், தேநீர்க் கோப்பை வரைபடத்தில் விட்ட
பழுப்பு வட்டத்தையும் ஒரு வளைவாகச் சேர்த்துக்கொண்டு.

எங்கள் வேல்ஸ் மேடுகளுக்கு
மலை என்று சொல்லிக்கொள்ளும் துணிச்சல் இல்லை,
சமவெளி என்று ஒப்புக்கொள்ளும் அடக்கமும் இல்லை.
இறங்கிய வேகம் அடுத்த ஏற்றத்தில் பாதிவரை கடன் தரும்.
மீதியைத் தொடை கட்டவேண்டும், வட்டியோடு.

இருபுறமும் தலைக்குமேல் புதர்வேலி.
டிராக்டர் எதிர்ப்பட்டால் முள்ளுக்குள் சாய்ந்து நிற்கவேண்டும்.
ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்துவார்.
வணக்கம் அதுதான், நன்றி அதுதான்,
அன்றைக்கு அவர் பேசப்போகும் பேச்சு முழுவதும் அதுதான்.

எழுபதாவது கிலோமீட்டரில் ஆறு வந்து சேர்ந்துகொள்ளும்.
அது கீழே போகும், நாம் மேலே;
பதினெட்டு கிலோமீட்டர் இப்படி ஒருவரையொருவர் மறுத்தபடி.
நனைந்த ஆட்டு ரோமமும் அழுகிய பெரணியும் மணக்கும்.
பிறகு அணை.
பிறகு ஒரே அசைவில்
பள்ளத்தாக்கு முழுவதும் படுத்துக்கிடக்கும் தண்ணீர்.

அங்கே கடையில்லை, முத்திரை குத்த ஆளில்லை.
ஆகவே அட்டையில் ஒரு கேள்வி அச்சிட்டேன்,
வந்தவர் மட்டுமே விடை சொல்லும்படி:
‘நீர்த்தேக்கத்தின் வடகோடியில் பழைய கல்பாலம். வளைவுகள் எத்தனை?’

ஆகஸ்டில் எண்ணினேன். மூன்று.
சேறு பாளம்பாளமாக வெடித்திருந்தது,
நடு வளைவின் நிழலில் ஓர் ஆடு அசைபோட்டுக்கொண்டிருந்தது.
அப்புறம் மழை பிடித்துக்கொண்டது.
இங்கே மழை ஒரு செய்தியல்ல. நான் யோசிக்கவில்லை.

அக்டோபர் இரவு. ஊர் மண்டபம். ஹீட்டர்மேல் காலுறைகள்.
பெரிய பானையில் லீக் கீரையும் உருளைக்கிழங்கும் சூப்பாகிக்கொண்டிருக்க
ஈர அட்டைகள் ஒவ்வொன்றாக மேசைக்கு வருகின்றன.

குழாய் ரிப்பேர்க்காரர் ஹெஃபின்: ‘ஒன்று.’
சந்தேகம் வேண்டாம் என்று அடிக்கோடு.
நெரிஸ்: ‘ஒன்றரை.’
அவள் கணவன் ‘ஒன்று’ என்று எழுதியிருக்கிறான்.
அந்த அரையைப் பற்றித்தான் போலும்
நூற்றுப் பத்துக் கிலோமீட்டர் பேசாமலே வந்திருக்கிறார்கள்.
ஹெரஃபோர்ட் பையன்: ‘பாலம் கிடைக்கவில்லை. வாத்துகள் பதினொன்று.’
தெய்லோவின் விடை கரைந்து
கட்டத்துக்குள் ஒரு சிறிய நீல ஏரி.

ஒன்பது இருபதுக்கு, நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்க,
அரன்வென் உள்ளே வந்தாள். முட்டிவரை சேறு.
அட்டையில்: ‘மூன்று.’

நிமிர்ந்து பார்த்தேன். எப்படி?

‘பாலத்துக்கு நேர் எதிரே பஞ்சர்.
விரல் விறைத்துப்போய் டயர் கழலவே இல்லை.
முக்கால் மணி நேரம். பார்க்க வேறென்ன இருந்தது?
வெளியே தெரிந்த வளைவின் அகலம்,
கரைக்குக் கரை தூரம். வகுத்தேன்.
சூப் மிச்சமிருக்கிறதா?’

விடை தப்பினால் பயணம் செல்லாது, அதுதான் விதி.
விதியை எழுதியவன் நானல்ல. கேள்வியை எழுதியவன் நான்.
எல்லா அட்டைகளிலும் குத்தினேன்,
நெரிஸின் அரைக்கு, நீல ஏரிக்கு,
வாத்துகளுக்கும்.

மண்டபத்தைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்து
அடுத்த ஆண்டுக்கான கேள்வியை யோசித்தேன்.
அணைமேல் இருக்கும் பெஞ்சின் நிறம்? யாராவது அடித்துவிடுவார்கள்.
தந்திக் கம்பங்கள்? ஒரு புயல் போதும்.
வெகுநேரம் கழித்து எழுதினேன்:
‘ஏரிக்கரையில் காற்று எந்தப் பக்கமிருந்து அடித்தது?’

காற்று எப்படி வேண்டுமானாலும் திரும்பட்டும்.
நாற்பத்தியொரு அட்டையிலும் ஒரே விடைதான் வரும்:
எதிரே.